ஆய்வு சொன்னதை நம்பலாமா: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் முறை

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கும். மெஷின் இப்படிக் கத்தினால் இதைப் பார், சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அதைக் கழற்று என்று எழுதியிருக்கும். இரவு ஷிப்டில் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறவனுக்கும் புரிய வேண்டுமே, அதனால் விளக்கவுரை எதுவும் இராது.

வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் "ஆய்வு ஒன்றில் தெரியவந்துள்ளது" என்று வரும் செய்திகளுக்கும் அப்படி ஒரு தாள் எழுதித் தரச் சொல்லி என் மாமா மகள் ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் அவள். "அத்தான், இது உண்மையா?" என்று கேட்டு தினம் ஒன்றாவது அனுப்பிவிடுவாள். நான் புள்ளியியல் படித்தவன் அல்லன். க்யூசியில் (தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில்) இருபது வருடமாக மாதிரி எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பழக்கத்தோடு, படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். முழுவதையும் படிக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் செய்தி எந்த அறிகுறிக்குப் பொருந்துகிறதோ அங்கே போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சப்ளையரிடமிருந்து ஆயிரம் கனெக்டர் வந்தது. மாதிரிச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையின் வழக்கமான நிலைப்படி, ஆயிரம் வந்தால் 80 எடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்தேன். மேல் ட்ரேயிலிருந்தே எண்பதையும் எடுத்தேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பழுதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் லைன் நின்றது. கீழ் ட்ரேக்களில் இருந்தவற்றுக்குத் தேதிக் குறியீடே வேறு. பாதிக்கு மேல் கால் வளைந்து கிடந்தன.

சூப்பர்வைசர் திட்டவில்லை. "எண்பது எடுத்த, சரி. எங்கேருந்து எடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

எந்த ஆய்வைப் பார்த்தாலும் இன்றுவரை நான் முதலில் கேட்பது அதுதான். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆட்கள் ஆய்வாளர் கைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? எந்த மாதிரி ஆட்கள் அந்தக் கைக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது? செய்தியில் இதற்குப் பதில் இல்லையென்றால் கீழே இருப்பவற்றில் ஏதோ ஒரு பழுது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "ஆயிரக்கணக்கானோர் பதில் அளித்தனர், பெரும்பான்மை ஆதரவு"

இணையத்தில் ஒரு படிவத்தைத் திறந்து வைத்து, விரும்பியவர் நிரப்பலாம் என்று விட்டால் கிடைப்பது இது. நிரப்பியவர்கள் யார்? அந்த விஷயத்தில் கோபமோ ஆசையோ உள்ளவர்கள், கையில் நேரம் இருப்பவர்கள். மற்றவர்கள் எண்ணிக்கையிலேயே வரமாட்டார்கள்.

மாமா மகளின் பள்ளியிலேயே நடந்தது. சனிக்கிழமை கூடுதல் வகுப்பு வேண்டுமா என்று ஓர் இரவு பத்து மணிக்குப் புலனக் குழுவில் கூகல் படிவம் போட்டார்கள். 210 குடும்பங்களில் 64 பேர் நிரப்பினார்கள். பத்துக்கு ஒன்பது பேர் வேண்டும் என்றார்கள். வகுப்பு தொடங்கியது. வந்த பிள்ளைகள் 14. யார் நிரப்பவில்லை என்று பிறகு உட்கார்ந்து பார்த்தோம். இரவு ஷிப்டுக்குப் போன அம்மாக்கள், கப்பல்துறைக்கு லாரி ஓட்டும் அப்பாக்கள், பாட்டி வளர்க்கும் பிள்ளைகள். பாட்டிகள் அந்தக் குழுவிலேயே இல்லை.

"இன்னும் நிறையப் பேரை நிரப்பச் சொன்னால் சரியாகிவிடாதா?" என்றாள். ஆகாது. இதற்கு உலகம் கொடுத்த விலை 1936-இல் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் 10 மில்லியன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. இரண்டு மில்லியனுக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 விழுக்காடு வாங்கி வெல்வார் என்று இதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதி உள்ளவர்களின் பட்டியல்கள். போதாததற்கு, மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பு நடத்திய ஜார்ஜ் கேலப் சுமார் 50,000 பேரை வைத்துக்கொண்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். மேல் ட்ரேயிலிருந்து எண்பது எடுத்தாலும் எண்ணூறு எடுத்தாலும் கிடைப்பது மேல் ட்ரேதான்.

சரிசெய்ய: வகுப்புப் பதிவேட்டிலிருந்து 30 பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அந்த முப்பது பேரையும் விடாமல் துரத்திக் கேளுங்கள். தொலைபேசி எடுக்காவிட்டால் மாலையில் பள்ளி வாசலில் பிடியுங்கள். அடுத்த முறை அவள் அப்படித்தான் செய்தாள். 27 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 11 பேர்தான் வேண்டும் என்றார்கள். தானாக வந்த அறுபத்து நான்கைவிட அந்த இருபத்தேழை நான் நம்புவேன்.

அறிகுறி: "நேரில் கேட்டோம், எல்லாருக்கும் திருப்தி"

நாசி கண்டார் கடை வரிசையில் நிற்பவர்களிடம் "வரிசை ரொம்ப நீளமா?" என்று கேட்டால் பரவாயில்லை என்பார்கள். நீளம் என்று நினைத்தவர் எப்போதோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். கோயில் நிர்வாகம் கோயிலுக்கு வருபவர்களிடமே கேட்பதும், டியூஷன் நிலையம் பாதியில் நின்றுபோன பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவதும் இதே வகை. "எங்க தாத்தா சுருட்டுப் பிடிச்சுக்கிட்டே 92 வயசு வரைக்கும் இருந்தார்" என்பதையும் இதில்தான் சேர்க்க வேண்டும். சுருட்டுப் பிடித்து ஐம்பதில் போனவர்களைப் பற்றிச் சொல்ல அவர்களுக்குப் பேரன் பிறந்திருக்கவில்லை.

பார்க்க வேண்டியது: விலகிப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களிடம் யாராவது பேசினார்களா. பேசவில்லையென்றால் இந்தச் செய்தியில் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

அறிகுறி: "34 மில்லியன் பேர் இருக்கும் நாட்டில் 1,200 பேரைக் கேட்டால் போதுமா?"

இது பழுதே இல்லை. ஆனால் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். அதுவும் தனக்குப் பிடிக்காத கட்சி முன்னிலையில் இருக்கிறது என்று கருத்துக்கணிப்பு வந்தால் மட்டும் கேட்கும் புகார்.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வாளியில் கொண்டுபோகும் பாலின் எடைக்கு முழுக் காசு கிடைக்காது. அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் கணக்கு. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒரு சின்னக் குவளையில் மொண்டு சோதிப்பார். குவளை சின்னது என்று அப்பா ஒருநாளும் சண்டை போட்டதில்லை. வாளியைக் கலக்காமல் மொண்டால்தான் சண்டை. "கலக்கிட்டு எடுங்க கிராணி" என்று வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் ஒரே தீயில், ஒன்றாகக் கொதித்த பானைக்குத்தான் செல்லும். கல்யாண வீட்டு அண்டாவில் கரண்டியை அடிவரை விடாமல் எந்தச் சமையல்காரரும் பதம் சொல்லமாட்டார்.

குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுப்பது வாளியைக் கலக்குவதற்குச் சமம். நன்றாகக் கலக்கிவிட்டால் வாளிக்கும் தொட்டிக்கும் ஒரே குவளை போதும். பினாங்குக்கு 1,200 பேர் தரும் துல்லியம்தான் மலேசியா முழுமைக்கும் 1,200 பேர் தருவது.

எவ்வளவு பிசகலாம் என்பதற்கு மனக்கணக்கு ஒன்று உண்டு: 100-ஐ, கேட்கப்பட்டவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 100 பேர் என்றால் இந்தப்பக்கம் 10 புள்ளி, அந்தப்பக்கம் 10 புள்ளி. 400 பேருக்கு 5. ஆயிரத்துக்கு ஏறக்குறைய 3. பத்தாயிரத்துக்கு 1. துல்லியத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும், அதனால்தான் பலரும் ஆயிரத்து இருநூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு கலக்கிய வாளிக்கு மட்டும்தான். கலக்காததற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அறிகுறி: நாடு தழுவிய ஆய்வு, ஆனால் தலைப்பு "இந்தியர்களில் 60 விழுக்காட்டினர்..."

நம் ஆட்கள் அதிகம் பகிர்வதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

ஆய்வு ஒழுங்கானது, 1,000 பேர், குலுக்கல் எல்லாம் சரி என்று வைத்துக்கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. அப்படியானால் அந்த ஆயிரத்தில் இந்தியர் சுமார் 67 பேர். மேலே சொன்ன மனக்கணக்கைப் போடுங்கள்: பிசகு 12 புள்ளி. "60 விழுக்காடு" என்பது 48 ஆகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். பாதிக்குக் குறைவா, முக்கால்வாசியா என்றுகூடத் தெரியாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சமுதாயம் எங்கே போகிறது என்று கட்டுரை எழுதிவிடுகிறோம்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசம். அந்த வருட எண்ணிலும் பிசகு, இந்த வருட எண்ணிலும் பிசகு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 17 புள்ளிக்குப் போய்விடும். 52-இலிருந்து 60-க்கு "உயர்வு" என்று செய்தி வந்தால் நான் அசையமாட்டேன்.

அதிலும் "பினாங்கு இந்தியர்கள்" என்று ஒரு வரி வந்தால் சிரித்துவிடுவேன். நாட்டு மக்களில் பினாங்கில் வாழ்பவர்கள் இருபதில் ஒருவர் அளவு. அவர்களில் இந்தியர் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ஆயிரத்தில் ஐந்து பேர் தேறுவார்கள். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடையில்) ஒரே மேசையில் உட்கார வைத்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம்.

சோதனை: ஆய்வின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று தேடுங்கள். ஒழுங்கான அறிக்கையின் பின்பக்க அட்டவணையில் அது இருக்கும். சிறுபான்மையினரைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைக்கும் ஆய்வுகள், அவர்களை வேண்டுமென்றே கூடுதலாகத் தேர்ந்து கேட்டுவிட்டு, மொத்தக் கணக்குப் போடும்போது அவர்கள் எடையைக் குறைத்துக்கொள்ளும். அப்படிச் செய்ததாக எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். எண்ணிக்கையே தராவிட்டால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள். முழு ஆய்வையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அறிகுறி: "சிறிய பள்ளி சாதனை, 100 விழுக்காடு தேர்ச்சி", மறு வருடம் சரிவு

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தாகும் வரை வருடந்தோறும் பார்த்த காட்சி இது. தோட்டப்புறத்துச் சிறிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு வருடம் மாலை. மறு வருடம் அதே மண்டபத்தில் முணுமுணுப்பு. இடையில் அவர் ஒன்றும் மாறியிருக்கமாட்டார்.

150 மாணவர்களோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் தமிழ்ப்பள்ளிகளில் அத்தகையவை ஏராளம். ஆறாம் ஆண்டில் ஆறே பிள்ளைகள் இருப்பதும் உண்டு. ஒரு கணக்குப் பார்ப்போம். இப்படி நூறு பள்ளிகள், எல்லாவற்றிலும் ஆசிரியர் ஒரே தரம், ஒவ்வொரு பிள்ளையும் தேறும் வாய்ப்பு 70 விழுக்காடு. ஆறு பேரும் தேறிவிடும் வாய்ப்பு 0.7-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது: ஏறக்குறைய 12 விழுக்காடு. ஆக நூறில் 12 பள்ளிகள் வெறும் அதிர்ஷ்டத்தில் "முழுத் தேர்ச்சி". இதே பள்ளிகளில் ஏழில், இரண்டு பேருக்கு மேல் தேறியிருக்கமாட்டார்கள். அவையும் வெறும் துரதிர்ஷ்டம்தான். ஆறாம் ஆண்டில் 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டுமே நடக்காது. அது எப்போதும் எழுபதைச் சுற்றியே நிற்கும். அதனால் பட்டியலின் உச்சியைப் பார்த்துவிட்டு "சிறிய பள்ளிதான் சிறந்தது" என்று ஒருவர் எழுதுவார். அடிமட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிறிய பள்ளிகளை மூட வேண்டும் என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேர் பார்ப்பதும் ஒரே ஆட்டத்தின் இரண்டு முனைகள்.

சோதனை: பட்டியலின் இரண்டு முனையையும் பாருங்கள். இரண்டிலும் சிறிய பள்ளிகளே நிறைந்திருந்தால் அது எண்ணிக்கையின் குறும்பு. சரிசெய்ய: ஐந்து வருடத்துப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படிச் சேர்த்த பிறகும் உயர்ந்து நிற்கும் சிறிய பள்ளிகள் இருக்கும். அந்த ஆசிரியர்களைத் தேடிப்போய்ப் பாருங்கள். அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. கொரோனா காலத்தில் மாநிலவாரியாக, முகீம் (துணை மாவட்டம்) வாரியாக வந்த விழுக்காடுகளிலும் இதே குறும்பைப் பார்த்திருப்பீர்கள்.

அறிகுறி: "30 பேர் சாப்பிட்டார்கள், யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை"

மூலிகைப் பொடி, எடை குறைக்கும் பானம், இப்படி ஏதாவது. பூஜ்யத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு, க்யூசியில் எங்களுக்கு மனப்பாடம்: மூன்றை எண்ணிக்கையால் வகு. முப்பது பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், உண்மையில் பத்தில் ஒருவரைப் பாதிக்கும் பொருளாக அது இருக்க முடியும். அதிர்ஷ்டவசமாக அந்த முப்பதில் சிக்கவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட ஆபத்தில்லை என்று சொல்ல மூவாயிரம் பேராவது வேண்டும். நான் அன்று பார்த்த எண்பதை எல்லா ட்ரேயிலிருந்தும் ஒழுங்காக எடுத்திருந்தாலும், 4 விழுக்காடு வரை பழுது ஒளிந்திருக்க இடம் இருந்தது.

அறிகுறி: "உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டோம், இல்லை என்றார்கள்"

ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும், அளப்பதற்குப் பதிலாகக் கேட்டுவிட்டால் பழுது உள்ளே வந்துவிடும். சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வு 2019-இல், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பதாகக் கண்டது. வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, விரலில் குத்தி ரத்தம் பார்த்த ஆய்வு அது. அந்த 18.3-இல், தனக்கு இருப்பது முன்பே தெரிந்தவர்கள் 9.4 விழுக்காடு மட்டுமே. மீதி 8.9 விழுக்காட்டினர் அன்றைக்கு ஊசி குத்தும் வரை தெரியாமல் இருந்தவர்கள். வெறும் கேள்வித்தாளோடு போயிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும். 2023 ஆய்வில் மொத்தம் 15.6 ஆகக் குறைந்தது. இரண்டிலும் ஆயிரக்கணக்கில், ஒரே மாதிரி தேர்ந்து, ஒரே மாதிரி அளந்தார்கள் என்பதால் இந்த இறக்கத்தை நான் பொருட்படுத்துவேன்.

கேள்வியின் மொழியும் இதில் சேரும். செந்தூல் அடுக்குமாடியில் ஒரு பாட்டியிடம் வேகமான மலாயில் கேட்டால், எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றுதான் வரும்.

அறிகுறி: ஆய்வு அங்கே, முடிவு இங்கே

வெளிநாட்டு ஆய்வு என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது. பெரும்பாலான தடுப்பூசிகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25-க்கு மேல் போனால் அதிக எடை என்ற எல்லை பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களைப் பார்த்து வந்தது. ஆசியர்களுக்கு அதற்குக் கீழேயே இனிப்புநீரும் இதய நோயும் தலைகாட்டுகின்றன என்று கண்டு, உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் 23, 27.5 என்ற அளவுகளையும் முன்வைத்தது. 24-இல் நின்றுகொண்டு "எனக்கு எடை சரிதான்" என்கிறவர், யாரோ ஒருவர் உடம்புக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கிறார். கேட்க வேண்டியது: அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இந்த விஷயத்தைத் தொடுகிறதா? தொடவில்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: பழுது எதுவும் தெரியவில்லை, செய்தி ரொம்ப இனிக்கிறது

இதற்குத் தாளில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. போன மாதம்தான் சேர்த்தேன்.

கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடிப்பவர்களுக்கு ஞாபகசக்தி கூடும் என்று ஓர் ஆய்வுச் செய்தி வந்தது. நான் ஒரு நாளைக்கு நான்கு குடிப்பவன். படித்த கையோடு குடும்பக் குழு, ஷிப்டுக் குழு, கோயில் குழு மூன்றுக்கும் அனுப்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து மாமா மகளிடமிருந்து ஒரே வரி: "எத்தனை பேரு அத்தான்? எங்கேருந்து எடுத்தாங்க?" போய்த் திறந்து பார்த்தேன். ஒரே பல்கலைக்கழகத்து மாணவர்கள், 24 பேர். அவசரமாக அழிக்கப் போனேன். எல்லாருக்கும் அழிக்கும் கெடு முடிந்துவிட்டிருந்தது.